முதுகிலா, விலாவிலா? டெக்னிக்கல் டைவிங்குக்குச் சிலிண்டர் அமைப்பைத் தேர்ந்தெடுப்பது

சாதாரண ஸ்கூபா டைவிங்கில் கருவி பழுதானால் நேராக மேலே வந்துவிடலாம் என்பதே கடைசிப் பாதுகாப்பு. டெக்னிக்கல் டைவிங்கில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆழத்தில் நீண்ட நேரம் இருந்ததால் உடலில் கரைந்த நைட்ரஜனும் ஹீலியமும் வெளியேறும் வரை இடையிடையே நின்றுதான் மேலேற வேண்டியிருக்கும். குகைக்குள்ளோ மூழ்கிய கப்பலுக்குள்ளோ இருந்தால் தலைக்கு மேலே பாறையோ இரும்போதான் இருக்கும். எந்தப் பழுதையும் அது நேர்ந்த இடத்திலேயே சமாளித்தாக வேண்டும் என்பதால், சிலிண்டர்களை எங்கே, எப்படி, எதனோடு இணைத்துக் கட்டுவது என்பது முதன்மையான கேள்வியாகிவிடுகிறது. வசதி, எடை, தண்ணீரில் உடல் கிடைமட்டமாக நிற்கும் நேர்த்தி ஆகியவையே பேச்சில் முதலில் வருகின்றன என்றாலும், ஓர் அமைப்பை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது வேறு: ஒரு பழுது நேர்ந்த பிறகு மிச்சமிருக்கும் வாயுவில் எவ்வளவு டைவரின் வாய்க்கு எட்டும்?

போட்டி உண்மையில் இரண்டு அமைப்புகளுக்கிடையேதான். ஒன்று, இரண்டு சிலிண்டர்களையும் முதுகில் ஏற்றி, தேவைப்பட்டால் இரண்டையும் பிரிக்கும் ஐசோலேட்டர் வால்வு நடுவில் உள்ள மேனிஃபோல்டு என்ற குழாயால் இணைக்கும் ட்வின்செட். மற்றொன்று, இரண்டு சிலிண்டர்களையும் தனித்தனியே விலாவின் இருபுறமும் அணியும் சைட்மவுன்ட். மேனிஃபோல்டு இல்லாமல் இரண்டு தனிச் சிலிண்டர்களை முதுகில் கட்டுவோரும் உண்டு. அதில் வால்வு கண்ணுக்குத் தெரியாத குறையும், ஒரு சிலிண்டரின் வாயு மற்றொரு ரெகுலேட்டருக்கு (வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துச் சுவாசிக்கத் தரும் கருவிக்கு) போகாத குறையும் ஒன்றுசேர்வதால், மேனிஃபோல்டு கிடைக்காத இடத்தைத் தவிர வேறெங்கும் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாய் உள்ள வால்வோடு ஒற்றைப் பெரிய சிலிண்டரை எடுத்துச் செல்வது தொடக்கநிலைக்குப் போதும் என்பார்கள். கீழே வரும் கணக்கு அதற்குப் பதில் சொல்லும். வெளிவிடும் மூச்சைச் சுத்திகரித்து மீண்டும் சுவாசிக்கத் தரும் ரீபிரீதர் தனிக் கட்டுரைக்கு உரியது.

முதலில் வாயுக் கணக்கு

45 மீட்டர் ஆழத்தில் இரண்டு டைவர்கள் இருக்கிறார்கள் என்றும், மேலேறும்போது 21 மீட்டரில் 50 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸுக்கு மாறுவது திட்டம் என்றும் வைத்துக்கொள்வோம். அடியில் ஒருவருடைய வாயு முழுவதும் போய்விட்டால், அடுத்தவரின் சிலிண்டர்களிலிருந்து இருவரும் சுவாசித்து 21 மீட்டர் வரை வந்து சேர வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று எடுத்தால் இருவருக்கும் 60 லிட்டர். 45 மீட்டரில் சுற்றழுத்தம் 5.5 பார், நிலைமையைச் சமாளிக்க அங்கே 2 நிமிடம் கழிந்தால் 660 லிட்டர் போய்விடும். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 24 மீட்டர் ஏறச் சுமார் 3 நிமிடம் ஆகும். சராசரி அழுத்தம் 4.3 பார் என்பதால் அதற்கு 774 லிட்டர். 21 மீட்டரில் வாயுவை மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம் என்றால் இன்னும் 186 லிட்டர். ஆக மொத்தம் 1,620 லிட்டர். இது தொடவே கூடாத இருப்பு.

இரட்டை 12 லிட்டர் சிலிண்டர்களில் இந்த இருப்பு ஏறத்தாழ 70 பார். 200 பாரில் தொடங்கினால் மீதி 130 பார், அதாவது 3,120 லிட்டர் செலவழிக்கக் கிடைக்கிறது. அமைதியான சுவாசத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் அந்த ஆழத்தில் 110 லிட்டர் செலவாகும், எனவே இறங்கும் நேரத்தையும் சேர்த்து 28 நிமிடம். அதே டைவை இரட்டை 7 லிட்டர் சிலிண்டர்களோடு செய்தால் இருப்பே 116 பார் ஆகிவிடுகிறது. செலவழிக்க எஞ்சுவது 11 நிமிடத்துக்கும் குறைவு. ஒற்றை 15 லிட்டர் சிலிண்டரிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். எடை குறைவு என்பதற்காகச் சிறிய ட்வின்செட்டை வாங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போடாமலே வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம். இருப்பின் அளவு சிலிண்டரைப் பார்த்துக் குறைவதில்லை. ஆழமும் ஆட்களும்தான் அதை முடிவு செய்கின்றன.

ட்வின்செட்: எல்லா வாயுவும் ஒரே இடத்தில்

மேனிஃபோல்டு உள்ள ட்வின்செட்டின் பெரும்பலம், இரண்டு சிலிண்டர்களிலும் உள்ள வாயு இரண்டு ரெகுலேட்டர்களுக்கும் பொதுவாக இருப்பதுதான். வலது ரெகுலேட்டர் கட்டுப்பாடின்றிக் காற்றை வெளியே தள்ளத் தொடங்கினால் வலது வால்வை மூடிவிட்டு இடது ரெகுலேட்டருக்கு மாறலாம். வலது சிலிண்டரில் இருந்த வாயுவும் மேனிஃபோல்டு வழியாக அங்கே வந்து சேரும்; மூடுவதற்குள் வீணானது மட்டுமே இழப்பு. சிலிண்டர் கழுத்திலோ மேனிஃபோல்டிலோ கசிந்தால் மட்டும் ஐசோலேட்டரை மூடி, பாதியை விட்டுக்கொடுத்து மறு பாதியைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். இது ரெகுலேட்டர் பழுதைவிட மிகவும் அரிது.

இதற்குக் கொடுக்கும் விலை, வால்வுகள் தலைக்குப் பின்னால் இருப்பது. குமிழிகளின் சத்தம் காதுக்குப் பின்னால் கேட்கும், ஆனால் அவை இடது பக்கத்திலிருந்து வருகின்றனவா வலது பக்கத்திலிருந்தா என்று டைவருக்கே நிச்சயமாகத் தெரியாது. உடன் வருபவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கையை மடக்கிப் பின்னால் கொண்டுபோய், தடித்த கையுறையோடு வால்வின் குமிழைப் பிடித்துப் பல சுற்றுகள் திருக வேண்டும். நீர் புகாத டிரை சூட்டுக்குள் தோள் விறைப்பாக இருப்பவர்களுக்கு இது எட்டாது. சிலிண்டர்களைச் சற்று உயர்த்திக் கட்டியும் தோள்பட்டைகளைத் தளர்த்தியும் பெரும்பாலோருக்குச் சரிசெய்துவிடலாம் என்றாலும், தோளில் பழைய காயம் உள்ளவர்கள் இந்த அமைப்பை வாங்கும் முன் கடன் வாங்கி அணிந்து பார்ப்பது நல்லது. மூன்று வால்வுகளையும் தன் கையாலேயே மூடித் திறக்க முடியாதவருக்கு ட்வின்செட் என்பது கனமான ஒற்றைச் சிலிண்டர்தான்.

எந்த ரெகுலேட்டர் எந்தப் பக்கம் என்பதிலும் காரணம் உண்டு. குகையின் கூரையில் உரசிக்கொண்டு முன்னேறும்போது இடது வால்வின் குமிழ் தானாக மூடும் திசையில் உருளும். வலது குமிழ் திறக்கும் திசையில் உருளும். ஆகவே வாயில் இருக்கும் ரெகுலேட்டரும் விங் என்ற மிதப்புப் பையில் காற்று நிரப்பும் குழாயும் வலப்புறம் இருக்கும். கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டரும் அழுத்தமானியும் இடப்புறம் இருக்கும். வாயில் இருப்பது 2.1 மீட்டர் நீளக் குழாயில் இருக்கும், வாயுவை இழந்தவருக்குக் கொடுக்கப்படுவதும் அதுவே. குறுகலான வழியில் இருவர் ஒருவர் பின் ஒருவராக வெளியேறுவதற்குத்தான் அந்த நீளம். இந்த நீளக் குழாய் வழக்கத்தைப் புளோரிடா குகைகளில் பரப்பியவர்களில் முதன்மையானவராகக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லியைச் சொல்வார்கள். தேவையற்ற எதையும் மாட்டாத எளிய அமைப்புக்கு ஹோகார்த்தியன் என்ற பெயர் இன்னொரு குகை டைவரான வில்லியம் ஹோகார்த் மெயினிடமிருந்து வந்தது.

ஐசோலேட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிலிண்டர் நிரப்பும்போது அது மூடியே கிடந்தால் ஒரு பக்கம் மட்டும் நிரம்பும். பகுப்பாய்வில் பார்த்த கலவை ஒரு சிலிண்டருடையது, மற்றொன்றில் பழைய கலவை அப்படியே இருக்கும். தண்ணீருக்குள் நடப்பது இதைவிட மோசம்: அழுத்தமானி இடப்புறம், சுவாசிப்பது வலப்புறம் என்பதால், முள் 200 பாரிலேயே அசையாமல் நிற்க, வலது சிலிண்டர் சத்தமின்றிக் காலியாகிக்கொண்டிருக்கும். நுகர்வு குறைவாக இருக்கிறது என்று மகிழ்ச்சியடைய வேண்டிய நேரம் அதுவல்ல. இறங்கிய சில நிமிடங்களில் முள் எதிர்பார்த்த அளவு இறங்காவிட்டால் கை முதலில் ஐசோலேட்டருக்குத்தான் போக வேண்டும்.

சைட்மவுன்ட்: கண்ணெதிரே வால்வு, இரண்டு தனிக் கணக்கு

சைட்மவுன்ட் வசதிக்காகப் பிறந்ததல்ல. 1960-களில் இங்கிலாந்தின் நீர் நிறைந்த குகைப் பாதைகளில் தவழ்ந்து சென்றவர்கள், முதுகில் சிலிண்டர் இருந்தால் நுழையவே முடியாத இடுக்குகளுக்காக அதை இடுப்போரம் கட்டத் தொடங்கினார்கள்; பிறகு புளோரிடாவிலும் மெக்சிகோவின் செனோட்டே குகைகளிலும் அது வளர்ந்தது. தாழ்ந்த கூரையுள்ள பாதைகளில் இன்றும் அதற்கு ஈடில்லை. வால்வுகள் அக்குளுக்குக் கீழே, பார்வைக்கும் கைக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எது கசிகிறது என்பதைக் குனிந்து பார்த்தாலே தெரியும். தோள் விறைப்பு ஒரு பிரச்சினையே இல்லை.

ஆனால் வாயுக் கணக்கில் வித்தியாசம் தொடங்குகிறது. குகையில் வழக்கமான மூன்றில் ஒரு பங்கு விதியை எடுத்துக்கொள்வோம்: உள்ளே போக ஒரு பங்கு, வெளியே வர ஒரு பங்கு, இருப்பாக ஒரு பங்கு. இரண்டு 12 லிட்டர் சிலிண்டர்கள், 200 பார், மொத்தம் 4,800 லிட்டர். உள்ளே போக 1,600 லிட்டர் செலவழித்துத் திரும்பும் புள்ளியில் ஒவ்வொன்றிலும் 133 பார் மிச்சம். அந்த இடத்தில் ஒரு ரெகுலேட்டர் கெட்டு அந்தச் சிலிண்டரை மூட நேர்ந்தால், மற்றொன்றில் இருப்பது சரியாக 1,600 லிட்டர். வெளியே வரத் தேவையானதும் அதே 1,600 லிட்டர். உதிரியாக ஒரு மூச்சும் இல்லை. ட்வின்செட்டில் அதே பழுதுக்குப் பிறகு ஏறத்தாழ 3,200 லிட்டரும் கைவசம் இருந்திருக்கும். சைட்மவுன்ட் ஆதரவாளர்கள் இதற்கு நேர்மையான பதில் வைத்திருக்கிறார்கள்: கட்டுப்பாடின்றித் தள்ளும் ரெகுலேட்டரின் வால்வை ஒவ்வொரு மூச்சுக்கும் சற்றே திறந்து மூடிச் சுவாசிக்கலாம், வால்வு கண்ணெதிரே இருப்பதால் அது நடைமுறையில் முடியும். முடியும்தான். இருளில், வழிகாட்டும் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மூச்சுகளுக்கு அதைச் செய்வதை ஒரு திட்டமாக நான் எண்ண மாட்டேன். கூடுதல் இருப்பை வைத்துக்கொண்டு முன்னதாகவே திரும்புவதுதான் திட்டம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சைட்மவுன்டில் எந்த ஒற்றைப் பழுதும், தாமதமாகக் கவனித்தாலும்கூட, பாதிக்கு மேல் எடுத்துச் செல்ல முடியாது. ட்வின்செட்டில் குறைந்த அழுத்தக் குழாய் ஒன்று வெடித்து, டைவர் வால்வைத் தேடித் தடுமாறினால், ஓரிரு நிமிடங்களிலேயே பெரும் பங்கு வாயு போய்விடும். மெலிதாகத் தெரியும் அழுத்தமானிக் குழாய் வெடித்தால்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். அதன் முனையிலுள்ள துளை ஊசிமுனை அளவே என்பதால் உண்மையில் அது மெதுவாகத்தான் வடியும்.

சைட்மவுன்டின் அன்றாடச் சுமை வேறு. இரண்டு சிலிண்டர்களும் சமமாகக் குறைய, சீரான இடைவெளியில், பலர் 30 பாருக்கு ஒருமுறை, ரெகுலேட்டரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே கணக்கிட்ட இருப்பு ஒரே பக்கம் ஒதுங்கி, பழுதும் அதே பக்கம் நேர்ந்தால் இருப்பே இல்லாமல் போகும். இரண்டையும் தனித்தனியே பகுப்பாய்வு செய்ய வேண்டும். வாயுவை இழந்த துணைவருக்கு நீளக் குழாயைக் கொடுக்க வேண்டிய கணத்தில் அது வாயிலும் இருக்கலாம், மார்பிலும் தொங்கலாம். இரண்டுக்கும் பழகியிருக்க வேண்டும். குழுவில் எல்லோரும் ட்வின்செட் அணிந்திருக்க ஒருவர் மட்டும் சைட்மவுன்ட் என்றால், எந்த ரெகுலேட்டர் எங்கிருந்து வரும் என்பதை இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் காட்டிவிட வேண்டும்.

படகில் நிலைமை தலைகீழ். முதுகுப் பலகையும் பட்டைகளும் சேர்ந்து 40 கிலோவைத் தொடும் இரட்டை 12 லிட்டர் அமைப்போடு பெஞ்சிலிருந்து எழுவது சிரமம்தான், ஆனால் எழுந்ததும் ட்வின்செட் டைவர் இரண்டே எட்டில் தண்ணீரில் இருப்பார். ஏணியில் ஏறி அப்படியே உட்காருவார். சைட்மவுன்ட் டைவர் அலையில் ஆடும் படகருகே ஒவ்வொரு சிலிண்டராக வாங்கி மாட்ட வேண்டும், திரும்பும்போது கழற்றிக் கொடுக்க வேண்டும். நீரோட்டம் வலுவாக இருந்து, மூழ்கிய கப்பலின் மேல் சரியாக இறங்க வேண்டிய நேரத்தில், படகோட்டிகள் சைட்மவுன்டைக் கண்டால் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. முதுகு வலி உள்ளவருக்கும், படிக்கட்டில் இறங்கிச் செல்லும் குகைக்கும், சிலிண்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்வது வரம்.

எஃகா, அலுமினியமா

இந்தக் கேள்விக்கு உடையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். 12 லிட்டர் எஃகுச் சிலிண்டரில் 200 பாரில் உள்ள காற்றின் எடை சுமார் 2.9 கிலோ, இரட்டையில் 5.8 கிலோ. டைவ் தொடங்கும்போது டைவர் அந்த அளவு கூடுதல் கனத்தோடுதான் இறங்குகிறார். எஃகுச் சிலிண்டர் காலியான பிறகும் பெரும்பாலும் மூழ்கும் தன்மையோடே இருக்கும். எங்கும் கிடைக்கும் 11.1 லிட்டர் அலுமினியம் 80 வகை, 207 பாரில் நிரம்பியிருக்கும்போது சற்றே மூழ்கும். காலியாகும்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.8 கிலோ மிதக்கும்.

டிரை சூட்டோடு எஃகு பொருந்துகிறது: உள்ளாடையில் சிக்கும் காற்றைச் சமன்செய்ய ஈயக்கட்டி சுமப்பதற்குப் பதில் அந்த எடை சிலிண்டரிலேயே இருக்கும், விங் கிழிந்தால் சூட்டில் காற்றை விட்டு மேலேறலாம். தடித்த ரப்பர் வெட் சூட்டோடு கனமான எஃகு இரட்டையை அணிவது, இந்தக் கட்டுரையில் நான் தயக்கமின்றி வேண்டாம் என்று சொல்லும் ஒரே சேர்க்கை. 40 மீட்டரில் அந்த ரப்பர் நசுங்கித் தன் மிதப்பில் பெரும்பகுதியை இழந்திருக்கும், சிலிண்டர்கள் நிறைந்திருக்கும், அந்நேரம் விங் பழுதானால் கால்துடுப்பால் உதைத்து மேலேற முடியாது. மிதப்புக்கு மாற்று வழி வேறெதுவும் கையில் இல்லை. வெட் சூட் என்றால் அலுமினியம் இரட்டை, கழற்றிவிடக்கூடிய சிறிது எடை, அவ்வளவுதான். எந்தச் சேர்க்கையாக இருந்தாலும் இரண்டு சோதனைகள் போதும்: சிலிண்டர் நிறைந்து விங் காலியாக இருக்கும்போது ஆழத்திலிருந்து உதைத்து மேலேற முடிகிறதா, சிலிண்டர் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது 3 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா.

சைட்மவுன்டில் அலுமினியத்துக்கு இன்னொரு வேலை உண்டு. வாயு குறையக் குறைய அடிப்பகுதி மேலெழும்பி, சிலிண்டர் உடலோடு இணையாக இல்லாமல் சாய்ந்துவிடும்; அடிக் கொக்கியை இடுப்புப் பட்டையின் முன் வளையத்துக்கு மாற்றினால் மீண்டும் படியும். எஃகுச் சிலிண்டருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் தொடக்கத்திலேயே இடுப்பை இழுக்கும்.

டெக்கோ சிலிண்டர்கள்

இங்கே வாதத்துக்கு அதிக இடமில்லை. மேலேறும்போது நிற்கும் இடங்களில் சுவாசிக்கும் டெக்கோ வாயுவுக்கு அலுமினியமே பொருத்தம். தண்ணீரில் ஏறத்தாழ எடையற்றிருப்பதால் கழற்றினாலும் துணைவரிடம் கொடுத்தாலும் சமநிலை குலையாது. 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினியம் 40 வகையில் 200 பாருக்கு 1,140 லிட்டர். 6 மீட்டரில் சுத்த ஆக்சிஜனில் 20 நிமிடம் நிற்க 640 லிட்டர் போதும். ஒன்றரை மடங்கு என்று வைத்தாலும் 960 லிட்டர், சிலிண்டர் தாங்கும். 50 விழுக்காடு நைட்ராக்ஸுக்குப் பெரிய 11.1 லிட்டரையே நான் பரிந்துரைப்பேன், ஆக்சிஜன் சிலிண்டர் பழுதானால் மிச்ச நிறுத்தங்களையும் அதுவே தாங்க வேண்டும் என்பதால்.

எந்தச் சிலிண்டர் எந்தப் பக்கம் என்பதைவிட, அதன் மேல் பெரிய எண்ணில் எழுதியிருக்கும் அதிகபட்ச ஆழம் முக்கியம். 6 மீட்டருக்கு உரிய ஆக்சிஜனை 21 மீட்டரில் வாயில் வைத்தால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 3.1 பார், வலிப்புக்கு முன்னறிவிப்பு எதுவும் வராமல் போகலாம். ட்வின்செட்டில் ஆழத்தில் சுவாசிக்கும் அடிவாயு முதுகில் மட்டுமே இருப்பதால், விலாவில் தொங்குவதெல்லாம் டெக்கோ வாயு என்பது தெளிவு. சைட்மவுன்டில் அடிவாயுச் சிலிண்டர்களோடு டெக்கோ சிலிண்டர்களும் அருகருகே அடுக்கப்படும்; மூன்றாவதும் நான்காவதும் சேரும்போது எந்தக் குழாய் எதிலிருந்து வருகிறது என்பதைக் கையால் தடவியே உறுதிசெய்ய வேண்டியிருக்கும். ஆழமான கடல் டைவில் இரண்டு டெக்கோ வாயுக்கள் வேண்டியிருப்பவருக்கு ட்வின்செட்டை நான் முன்னிறுத்துவதற்கு, வாயுக் கணக்குக்கு அடுத்த காரணம் இதுதான்.

குறுகலான குகைகளே குறி என்பவரும், தோளோ முதுகோ ஒத்துழைக்காதவரும், போகும் இடங்களில் ட்வின்செட் வாடகைக்குக் கிடைக்காதவரும் சைட்மவுன்டில் தொடங்குவதே சரி. அவர்கள் சேருமிடத்தில் ரெகுலேட்டரைத் திருகி இணைக்கும் டின் (DIN) வகை வால்வு கிடைக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வாடகைச் சிலிண்டர்களின் வால்வுக் குமிழ் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும் என்பதால், இடப்புறச் சிலிண்டரில் அது உடம்பை நோக்கித் திரும்பிக் கைக்கு இடைஞ்சலாகலாம். இடக்குமிழ் வால்வு உள்ள சிலிண்டர் ஒன்றாவது கிடைக்குமா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். மற்றவர்களுக்கு, டிரை சூட் இருந்தால் எஃகு இரட்டை 12 லிட்டர், வெட் சூட் என்றால் அலுமினியம் 80 இரட்டை. இரு அமைப்புக்கும் பொதுவானவை டின் இணைப்புள்ள நல்ல முதல்நிலை ரெகுலேட்டர்கள். பின்னாளில் மாறினாலும் பெரும்பாலும் குழாய்களையும் ஹார்னஸையும் விங்கையும் மாற்றினால் போதும் என்பதால், பணத்தை முதலில் போட வேண்டியது ரெகுலேட்டர்களில்தான்.